காட்டேரிக்கும் ஒரு பங்கு

விரும்பிய பொருளில் கதை எழுதுமாறு எமது மேல்வகுப்பு மாணவரிடம் கூறினால், அவர்களிற் பலர் இரத்தக் காட்டேரிகளையே நாடுகின்றனர். காட்டேரியை வேட்டையாடும் பழைய கதை அவர்களுக்குச் சலித்துவிட்டது. மனிதரும் காட்டேரிகளும் ஒரே நகரில், ஒரே சட்டத்தின் கீழ் வாழும் கற்பனை உலகமே இப்போது அவர்களைக் கவர்கின்றது. தமிழ் படிக்க அனுப்பிய பிள்ளை பேய்க்கதை எழுதுவதா எனப் பெற்றோர் சிலர் முகஞ்சுளிக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. அத்தகைய உலகமொன்றைப் பழுதின்றிக் கட்டியெழுப்புவது எளிதான காரியமன்று.

பிராம் ஸ்ரோக்கர் 1897இல் வெளியிட்ட 'டிராகுலா' நாவலைப் பெற்றோரும் ஒருமுறை வாசித்தல் நன்று. திரான்சில்வேனியாவின் மலைக்கோட்டையில் வாழும் அப்பிரபு இலண்டனுக்குக் குடிபெயர விரும்புகிறான். அதற்காக ஆங்கில நூல்களைக் கற்கிறான். தன்னிடம் வந்த இளம் வழக்கறிஞரிடம் தனது உச்சரிப்பைத் திருத்துமாறு வேண்டுகிறான். தெருவிலே எவரும் தன்னை அந்நியன் என அடையாளங் காணலாகாது என்பதே அவனது கவலை. சொந்த நாட்டு மண்ணை 50 பெட்டிகளில் நிரப்பிக் கப்பலில் கொண்டுவருகிறான். அம்மண்ணிலன்றி அவனால் இளைப்பாற முடியாது. வீட்டார் ஒருவர் முதலில் அழைத்தாலன்றி எந்த வீட்டினுள்ளும் அவன் நுழைய இயலாது. இவற்றுள் எமக்குப் பழக்கமில்லாதது எது?

ஆயினும் ஒப்புமையை அவ்விடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். வந்து குடியேறுபவன் எமது குருதியை உறிஞ்சிவிடுவான் என்ற அச்சமும் அந்நாவலில் ஓடிக்கொண்டிருக்கிறது. காட்டேரியை வெறும் 'பாவப்பட்ட அந்நியன்' ஆக்கி, அதன் பசியைக் கதையில் மறைத்துவிடும் மாணவன், தன்னையறியாமலே அப்பழியைத் தன் இனத்தார் தலையிலும் ஏற்றிவிடுகிறான். அகதி எவர் கழுத்தையும் கடிப்பதில்லை. காட்டேரி கடிக்கும். ஆகவே அப்பசியை மறையாது, அதற்குக் கணக்குப் பார்ப்பதே நேர்மை.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி உண்டு. இங்கிலாந்தில் இரத்ததானம் செய்வோரிடம் ஒரு தடவைக்கு அரை லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே எடுக்கின்றனர். ஆண்கள் 12 வாரங்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 16 வாரங்களுக்கு ஒருமுறையுமே கொடுக்கலாம். ஒரு காட்டேரிக்கு வாரம் ஒரு பை போதும் என வைத்துக்கொண்டாலும், அதனைப் பசியின்றிக் காக்க 12 ஆண்களோ 16 பெண்களோ தேவை. ஆயிரம் காட்டேரிகள் வாழும் நகருக்குக் குறைந்தது 12,000 கொடையாளர் வேண்டும். கடிபட்டவரெல்லாம் காட்டேரியாவர் என்ற விதியைச் சேர்த்தாலோ கதை விரைவில் முடிந்துவிடும். ஒவ்வொரு காட்டேரியும் மாதம் ஒருவரைக் கடித்தால் தொகை மாதந்தோறும் இரட்டிக்கும். ஒன்றில் தொடங்கியது 33 மாதங்களில் ஏறத்தாழ 859 கோடியாகும். உலகில் அத்தனை மனிதர் இல்லை.

கணக்கு முடிந்த இடத்தில் நீதி தொடங்குகிறது. கொடுப்பவர் யார்? வறியவர் வாடகைப் பணத்துக்காகக் கை நீட்டும் நிலை வருமா? கொடுக்க மறுப்பவரைக் காப்பது எந்தச் சட்டம்? மாணவரின் கதைகள் பெரும்பாலும் இக்கேள்விகளைத் தாண்டிக் காதலுக்கு ஓடிவிடுகின்றன. (காதலை நாம் வெறுக்கவில்லை, அது சற்றுப் பொறுக்கலாம்.)

மேலைநாட்டு எழுத்தாளர் இதற்குச் சில வழிகள் கண்டுள்ளனர். சார்லேன் ஹாரிஸ் 2001இல் எழுதிய நாவலில் ஜப்பானியர் செயற்கை இரத்தம் கண்டுபிடிக்க, காட்டேரிகள் துணிந்து வெளியே வருகின்றன. ஸ்டெபனி மேயர் 2005இல் வெளியிட்ட 'ருவைலைற்' நாவலின் காட்டேரிக் குடும்பம் விலங்குகளின் குருதியோடு நிறுத்திக்கொண்டு, தம்மைச் 'சைவம்' எனக் கேலியாகச் சொல்லிக்கொள்கிறது. இரண்டிலும் உணவை மாற்றிக்கொள்வது காட்டேரி மட்டுமே. மனிதர் தம் வழக்கத்தில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு பக்கம் மட்டுமே மாறும் வாழ்வைக் கூடிவாழ்தல் என ஏற்க நாம் தயங்குகிறோம்.

எமது இலக்கியத்தில் வேறொரு காட்சி உண்டு. சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. பார்ப்பனப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என ஒவ்வொன்றுக்கும் பந்தியில் இடமுண்டு. சமணப் பேய்க்கு மயிர் விழாதபடி கூழை வடித்து வார்க்கச் சொல்கிறார் கவிஞர். வேறுபட்டோர் ஒரே பந்தியில் அமர்வது எங்ஙனம் என்பதை இதைவிட நுட்பமாகக் கற்பனை செய்தவர் சிலரே. எனினும் அக்கூழ் போர்க்களத்தில் மடிந்தவரைக் கொண்டு ஆக்கப்பட்டது. பந்தியின் அழகில் அதனை மறந்துவிடலாகாது.

'காட்டேரி' என்ற சொல்லே ஆங்கிலக் கதைகளுக்கு முற்பட்டது. தமிழகக் கிராமங்களில் அவள் அஞ்சப்படுபவள், வழிபடவும் படுபவள். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களோடு அவளும் கடல் கடந்தாள். கயானாவிலும் தென்னாபிரிக்காவிலும் அவளுக்கு இன்றும் படையல் உண்டு. எவரும் அவள் நெஞ்சில் ஆப்பு அறைவதில்லை. அவளும் சைவமாக மாறிவிடவில்லை. அவளுக்குரிய பங்கைக் கொடுத்து, அவளுக்குரிய எல்லையையும் வகுக்கும் ஓர் உடன்படிக்கையாகவே நாம் அதனைக் காண்கிறோம். உலகம் படைக்கும் மாணவர் தொடங்க வேண்டிய இடம் இதுவே.

பின் சூரிய ஒளி. ஸ்ரோக்கரின் டிராகுலா பகலிலும் நடமாடுவான், வலிமைதான் குறையும். வெயில் பட்டால் அழியும் காட்டேரி, 1922இல் வந்த 'நொஸ்பெராட்டு' என்ற ஜெர்மானிய ஊமைப்படத்தின் வரவு. ஆகவே எவ்விதியையும் மாணவர் தாமே தெரிந்தெடுக்கலாம். அழியும் என்று வைத்தால், எமது சனிக்கிழமைக் காலை வகுப்பில் காட்டேரிப் பிள்ளைக்கு இடமில்லை. அப்போது இரவு வகுப்புக்கு ஆசிரியராக முன்வருபவர் யார், மண்டபத்துத் திறப்பை எவர் வைத்திருப்பது, மனிதப் பிள்ளைகள் தம் நித்திரையில் எவ்வளவை விட்டுக்கொடுப்பர் என்பனவற்றையும் கதையில் எழுதித் தருமாறு மாணவரைக் கேட்டுக்கொள்கிறோம்.