காரில் பாட்டு: சத்தம் பெரிதா, இனிமை பெரிதா?

கார் வாங்கப் போகிறவர்கள் நூறு கேள்வி கேட்கிறார்கள். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் ஓடும் என்று கேட்கிறார்கள். என்ஜினைத் திறந்து பார்க்கிறார்கள். டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் காருக்குப் பாட்டு 'செட்' வாங்கும்போது மட்டும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்.

"எத்தனை வாட்?"

தவறு அங்கேதான் தொடங்குகிறது. வாட் என்பது மின்சார பலத்தின் கணக்கு. அது இனிமையின் கணக்கு அல்ல. உரத்துக் கத்துகிறவர் எல்லோரும் நல்ல பாடகர் ஆகிவிடுவாரா?

கேட்டாலே போதும் என்று இருந்த காலம்

ஓடும் காரில் பாட்டு கேட்பதே அதிசயமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930-ம் ஆண்டு "மோட்டரோலா" என்ற பெயரில் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். சென்னையில் 1924-லேயே வானொலி மன்றம் ஒன்று தொடங்கப்பட்டது. 1938-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. 1977-ல் இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பும் சென்னையில்தான் தொடங்கியது.

அந்த நாளில் கரகரப்பு இல்லாமல் பாட்டு கேட்டாலே போதும் என்று இருந்தார்கள். இன்று அப்படி இல்லை. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து ஸ்பீக்கர் வாங்குகிறார்கள். பணம் கொடுப்பவர் தரம் பார்த்து வாங்க வேண்டாமா?

பெட்டியில் ஒரு கணக்கு, காரில் ஒரு கணக்கு

"50 வாட், 4 ஸ்பீக்கர்" என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதை நம்பலாமா?

என்ஜின் ஓடும்போது கார் பேட்டரியில் கிடைக்கும் மின்சாரம் ஏறக்குறைய 14 வோல்ட். காரில் வழக்கமாகப் பொருத்தும் ஸ்பீக்கர் 4 ஓம். தனியாக ஆம்ப்ளிபயர் வைக்காவிட்டால், ஒரு ஸ்பீக்கருக்குத் தெளிவாகக் கொடுக்கக்கூடிய பலம் சுமார் 25 வாட்தான். நடைமுறையில் 20 வாட் கிடைத்தால் பெரிது.

அப்படியானால் 50 வாட் எங்கிருந்து வந்தது? கண் இமைக்கும் நேரத்துக்கு எட்டிப் பிடிக்கும் உச்சம் அது! அந்த உச்சத்தில் பாட்டு உடைந்து, குரல் கரகரக்கும். தொடர்ந்து கிடைக்கும் வாட்டுக்கு "ஆர்.எம்.எஸ்." என்று பெயர். அது பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். வாங்குபவர் படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான்.

இன்னொரு உண்மையும் உண்டு. வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆவதில்லை. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சிறிய மாற்றம். சத்தம் இரண்டு மடங்கு ஆனதுபோல் காதுக்குத் தோன்ற வேண்டுமானால், வாட் பத்து மடங்கு ஆக வேண்டும். எனவே கூடுதல் வாட்டுக்காகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வீண்.

காதும் ஏமாறும்

சென்னையில் கார் சாமான்களுக்குப் பெயர் போன இடம் ஜெனரல் பாட்டர்ஸ் சாலை. அங்கே போனாலும் சரி, தெருமுனைக் கடைக்குப் போனாலும் சரி, ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. இரண்டு ஸ்பீக்கர்களை அடுத்தடுத்துக் கேட்டால், கொஞ்சம் உரக்கப் பாடுவதுதான் நல்லது என்று காது சொல்லும். இது மனிதக் காதின் இயல்பு. ஆகவே இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கண்ணும் காதை ஏமாற்றும். ப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஒலி ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 1994-ல் வெளியிட்டார்கள். ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்தபடி கேட்கச் சொன்னார்கள். திரை போட்டு மறைத்தும் கேட்கச் சொன்னார்கள். அதே ஸ்பீக்கர்கள், அதே ஆட்கள். ஆனால் மதிப்பெண் மாறிவிட்டது!

கம்பெனிப் பெயரும் பளபளப்பும் பாட்டைக் கேட்கின்றனவா? காது அல்லவா கேட்கிறது? கடையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அளவுகோல் மயிலாப்பூரில் இருக்கிறது

நல்ல ஒலி எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அசலைக் கேட்டவருக்கே நகல் தெரியும். அந்த வகையில் சென்னைவாசிகள் கொடுத்து வைத்தவர்கள்.

மார்கழி வந்தால் மயிலாப்பூரிலும் தியாகராயநகரிலும் சபாவுக்குச் சபா கச்சேரி. மைக் இல்லாமல் நடக்கும் சிறு கச்சேரிகளும் உண்டு. கபாலீசுவரர் கோவில் திருவிழாவில் நாதசுவரத்தையும் தவிலையும் பக்கத்தில் நின்றே கேட்கலாம். இதைவிடச் சிறந்த அளவுகோல் எந்தக் கடையிலும் கிடையாது.

அசலைக் கேட்ட காதோடு காருக்குள் உட்கார்ந்து நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, குரல். ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் கேட்கிறதா? "ச" வரும் இடத்தில் சீறல் கேட்டால் ஸ்பீக்கரில் குறை.

இரண்டாவது, மிருதங்கம். வலந்தலையின் "நங்" என்ற நாதமும், தொப்பியின் கும்காரமும் வேறு வேறாகக் கேட்க வேண்டும். எல்லாம் ஒரே "தொம் தொம்" என்று கேட்டால், அது மிருதங்கம் அல்ல, தகர டப்பா.

மூன்றாவது, தம்புரா. பாடகர் உச்சத்துக்குப் போகும்போதும் பின்னால் சுருதி இழையாகக் கேட்க வேண்டும்.

நான்காவது, களைப்பு. அரை மணி நேரம் கேட்ட பிறகு "போதும், நிறுத்து" என்று தோன்றினால், அந்தச் செட் வேண்டாம்.

சினிமாப் பாட்டு பிரியர்களும் இப்படியே பார்க்கலாம். நன்றாகப் பதிவான, மனப்பாடமான பாட்டாக இருந்தால் போதும். கடைக்காரர் போடும் பாட்டு கடைக்காரருக்கு வசதியான பாட்டு!

கார், சபா அல்ல

காருக்குள் ஒலிக்குப் பல இடைஞ்சல்கள் உண்டு. கண்ணாடி ஒலியைத் திருப்பி அடிக்கிறது. மெத்தை ஒலியை விழுங்குகிறது. நம் நாட்டில் ஓட்டுபவர் வலது பக்கம் உட்காருகிறார். வலது ஸ்பீக்கர் அவருக்கு மிக அருகில். இடது ஸ்பீக்கர் தூரத்தில். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. வலது பக்கத்து ஒலி ஒரு நூலிழை முந்தி வருகிறது. அதனால் பாடகர் வலது கதவில் உட்கார்ந்து பாடுவதுபோல் தோன்றும். நல்ல செட்டுகளில் வலது ஒலியைச் சற்றே தாமதப்படுத்த வசதி இருக்கும். அதைச் சரிசெய்து கொடுக்கும்படி கேட்டு வாங்க வேண்டும்.

கதவின் தகரம் அதிர்ந்தால் அதுவும் பாட்டோடு சேர்ந்து பாடும். கதவுக்குள் அதிர்வு அடக்கும் தகடு ஒட்டினால் குறை நீங்கும். பெரிய ஸ்பீக்கர் மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

சோதனையையும் மூன்று இடங்களில் செய்ய வேண்டும். அடையாறு காந்தி நகரில் அமைதியான ஒரு தெருவில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுக் கேட்கலாம். திரு.வி.க. பாலத்தின் மேல் ஓடும்போது கேட்கலாம். உஸ்மான் சாலை நெரிசலிலும் கேட்கலாம். சக்கரத்தின் இரைச்சல் தாழ்ந்த ஒலிகளைத்தான் முதலில் மறைக்கும். நின்ற காரில் இனித்த மிருதங்கம் ஓடும் காரில் காணாமல் போகும். ஓடும் காருக்காகத் தாழ்ந்த ஒலியைக் கூட்டி வைத்தால், நின்றதும் காதில் இடிக்கும். மூன்று இடத்திலும் தாங்குவதே நல்ல செட்.

கருவி வேண்டாமா?

வேண்டும். ஓட்டுபவரின் தலை இருக்கும் இடத்தில் அளக்கும் மைக்கை வைத்து, எந்த ஒலி தூக்கலாக இருக்கிறது, எது குறைகிறது என்று படமாகவே பார்த்துவிடலாம். செல்போனிலும் ஒலி அளக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அதன் கணக்கு உத்தேசமானது.

கருவி குறையைக் காட்டும். அந்தக் குறை தொந்தரவா இல்லையா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். தராசு சர்க்கரையின் எடையைச் சொல்லும். பாயசத்தின் ருசியை நாக்குதான் சொல்லும்.

குழந்தையின் காது

இது வெறும் ரசனைப் பிரச்சினை அல்ல. பின்சீட்டில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது. அதன் தலைக்குப் பின்னாலேயே ஸ்பீக்கர்!

80 டெசிபல் சத்தத்தைப் பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். 10 டெசிபல் கூடினால் நேரம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது! குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான் அளவு. அளவுக்கு மீறிய சத்தத்தால் கெட்டுப்போன உட்செவி நரம்பணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. டயரை மாற்றலாம். காதை மாற்ற முடியுமா?

ஊருக்கும் ஒரு கணக்கு உண்டு. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு. மந்தைவெளியில் நடு இரவில் ஜன்னல் கண்ணாடி அதிரப் போகும் கார், தூங்கும் தெருவையே தட்டி எழுப்புகிறது. அதைவிட ஆபத்து ஒன்று இருக்கிறது. உள்ளே சத்தம் அதிகமானால், பின்னால் வரும் 108 ஆம்புலன்சின் சங்கொலி ஓட்டுபவர் காதில் விழாது. அதற்குள் ஓர் உயிர் இருக்கிறது!

என்ன செய்யலாம்?

தொடர்ந்து கிடைக்கும் வாட் எவ்வளவு என்பதைக் கம்பெனிகள் பெட்டியில் பெரிய எழுத்திலேயே போட வேண்டும். கடைக்காரர்கள் ஒரே அளவு சத்தத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டுகிற கடையைத் தேடிப் போவது வாங்குபவர் கடமை.

நல்ல செட்டுக்கு ஒரு சுலபமான அடையாளம் உண்டு. குறைந்த சத்தத்திலேயே பாட்டின் சொல் புரியும். முன்சீட்டில் கணவனும் மனைவியும் குரலை உயர்த்தாமல் பேசலாம். பின்சீட்டில் பாட்டி ரசிக்கலாம். அவர் மடியில் குழந்தை தூங்கலாம்.

அந்தக் காரில் இருப்பதுதான் சங்கீதம். மற்றது வெறும் சத்தம்!