மேசன் மீது போட்ட பழி



பெரகலைப் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றில், ஹவ்ழின் பூச்சு சொரசொரப்பாகி மணல் உதிர்ந்தது. “மேசன் சீமெந்தைக் குறைத்துவிட்டார்” என்று பேச்சு பரவியது. நானும் நம்பினேன். தண்ணீரைப் பரிசோதித்த பின்புதான் உண்மை விளங்கியது.

மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமிலவாயுவைக் கரைத்துச் சற்றே அமிலத்தன்மை பெறுகிறது. நம் மலைப்பாறைகளில் பெரும்பாலும் சுண்ணாம்பு குறைவு. ஆகவே அந்த மென்னீர், சீமெந்திலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து எடுக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்றுநீர் இதற்கு நேர்மாறு. கேத்தலில் வெள்ளையாகப் படியும், பூச்சை அவ்வளவாக அரிக்காது. நீச்சல் தடாகங்களில் தண்ணீரின் பீஎச் அளவை 7.2 முதல் 7.8 வரை பேணி, கல்சியம் சேர்ப்பதும் பூச்சைக் காக்க உதவுகிறது.

உங்கள் வீட்டுத் தொட்டிக்கும் இதே கதைதான். புதுப் பூச்சைக் குறைந்தது 7 நாட்கள் ஈரமாக வைத்திருங்கள். பாசி பிடித்தால் எசிட் ஊற்றாதீர்கள். அதுவும் சுண்ணாம்பையே தின்னும். புருசால் தேய்த்தால் போதும்.

வீண் சந்தேகத்தை அல்குர்ஆன் 49:12 தடுக்கிறது. ஓதிக்கொடுக்கும் நானே அதை மறந்தேன். அந்த மேசனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அல்லாஹ் நம் நாவுகளைக் காப்பானாக! ஆமீன்.