கிண்ணத்தில் மடிந்த உயிரணுவும் கோப்பையில் ஊற்றிய தேநீரும்

மூலிகைகளின் புற்றுநோய் எதிர்ப்பாற்றலை ஆராயும் நம் நாட்டு ஆய்வேடுகளில் புனேயின் பெயர் அடிக்கடி இடம்பெறும். ஆவாரம்பூவை ஆராய்பவரும் துளசியை ஆராய்பவரும் எம்.சி.எப்.-7, ஹீலா போன்ற உயிரணு வரிசைகளைப் பெரும்பாலும் இங்குள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தின் களஞ்சியத்திலிருந்தே பெறுகின்றனர். அதை ஆய்வேட்டில் முறையாகக் குறிப்பிடவும் செய்கின்றனர். என் கவலை அதே ஆய்வேட்டின் கடைசி வரியைப் பற்றியது: ஆகவே இம்மூலிகைத் தேநீர் அழற்சியையும் புற்றுநோயையும் தடுக்கவல்லது என்னும் வரி.

அந்த 'ஆகவே' எதன்மேல் நிற்கிறது? ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சாறு, மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் செறிவில், 48 மணி நேரத்தில் பாதி உயிரணுக்களைக் கொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மனித உடலில் குருதி ஏறத்தாழ 5 லிட்டர். அதே செறிவை எட்டக் குருதியில் மட்டுமே 500 மில்லிகிராம் சாறு இருக்கவேண்டும். தேநீர்ப் பையொன்றில் உள்ள இலை சுமார் 2 கிராம். அதில் கால் பங்கு வெந்நீரில் கரைவதாகக் கொண்டாலும், கரைந்த அனைத்தும் குடலில் சிதையாமல், கல்லீரலில் மாறாமல், சிறுநீரில் வெளியேறாமல் இரண்டு நாள் குருதியிலேயே தங்கவேண்டும். எந்த உடலிலும் இது நிகழாது.

மிக விரிவாக ஆராயப்பட்ட பச்சைத் தேநீரின் இ.ஜி.சி.ஜி.யும் இதற்கு விலக்கன்று. ஓரிரு கோப்பை அருந்தியபின் குருதி நீரில் அதன் செறிவு பொதுவாக 1 மைக்ரோமோலாரைத் தாண்டுவதில்லை; ஆய்வகத்தில் நாம் 20 முதல் 100 மைக்ரோமோலார் வரை இடுகிறோம். மேலும், வளர்ப்பூடகத்தில் அது தானே ஆக்சிசனேற்றமடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. கேட்டலேஸ் நொதியைச் சேர்த்துச் சரிபார்க்காதவரை, உயிரணுவைக் கொன்றது இ.ஜி.சி.ஜி.யா பெராக்சைடா என்று சொல்ல இயலாது. எம்.டி.டி. சோதனையின் நிறமாற்றத்தையும் பாலிபினால்கள் உயிரணுவின் துணையின்றியே தோற்றுவிக்கக்கூடும். 'அழற்சி எதிர்ப்பு' என்னும் முடிவோ, பல வேளைகளில் எலியின் மாக்ரோபேஜ் உயிரணுக்களில் நைட்ரிக் ஆக்சைடு குறைந்ததை மட்டுமே நம்பி எழுதப்படுகிறது.

தாவர ஆய்வே வீண் என்பது என் வாதமன்று. மகாராஷ்டிரத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் நரக்யா என்னும் மரம் வளர்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, பின்னர் பம்பாயின் சிபா ஆய்வு மையத்தை நடத்திய டி. ஆர். கோவிந்தாச்சாரி, விசுவநாதனுடன் சேர்ந்து 1972-இல் அம்மரத்தில் கேம்ப்டோதெசின் இருப்பதை அறிவித்தார். அதற்கு முன்பே, 1966-இல், மன்றோ வாலும் மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணியும் சீன மரமொன்றிலிருந்து அச்சேர்மத்தைப் பிரித்திருந்தனர். 1970-களின் தொடக்கத்தில் நோயாளிகளிடம் நடந்த சோதனைகள் கடும் நச்சுத்தன்மையால் கைவிடப்பட்டன. அது டோபோஐசோமரேஸ்-1 நொதியைத் தாக்குகிறது என்பது 1985-இல்தான் தெரிந்தது. அதன் வழிவந்த டோபோடெக்கான், இரினோடெக்கான் ஆகிய மருந்துகள் அமெரிக்காவில் 1996-இல் ஒப்புதல் பெற்றன. மிகுந்த வீரியமுடைய ஒரு சேர்மத்துக்கே முப்பது ஆண்டுகளும், மூலக்கூற்றைத் திருத்தியமைக்கும் உழைப்பும் தேவைப்பட்டன. நாமோ மூன்றாண்டு ஆய்வேட்டின் கடைசி வரியில் அத்தூரத்தைக் கடந்துவிடுகிறோம்.

இதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி. மல்டிபிள் மைலோமாவுக்குத் தரப்படும் போர்டிசோமிப் மருந்துடன் இ.ஜி.சி.ஜி. நேரடியாகப் பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்வதை, 2009-இல் 'பிளட்' இதழில் வெளியான ஆய்வு உயிரணுக்களிலும் எலிகளிலும் காட்டியது. இதற்கும் அதே அளவுகோல் பொருந்தும். எலியில் கண்டது மனிதருக்கு முடிவாகிவிடாது. ஆனால் சிகிச்சையிலிருக்கும் ஒருவர், தாம் பருகும் மூலிகைத் தேநீரைப் பற்றி மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்பதற்கு அது போதிய காரணம். 'தடுக்கவல்லது' என்னும் நம் சொல்லைப் படித்தவர், சொல்லவேண்டிய தேவையே இல்லையென்று எண்ணிவிடுவார். புற்றுநோயைத் தீர்ப்பதாக ஒரு பொருளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர சிகிச்சைகள் சட்டம் தடைசெய்கிறது. விற்பவர் அச்சிட முடியாத வாக்கியத்தை நாம் பல்கலைக்கழக முத்திரையுடன் எழுதிக் கொடுக்கிறோம்.

ஆய்வு மாணவர்களிடமும் நெறியாளர்களிடமும் நான் கேட்பது சிறிது. நலமான உயிரணுக்களையும் உடன் சோதியுங்கள். கேட்டலேஸ் கட்டுப்பாட்டையும், உயிரணு இல்லாத எம்.டி.டி. கட்டுப்பாட்டையும் சேருங்கள். நீங்கள் இட்ட செறிவு எத்தனை கோப்பைத் தேநீருக்குச் சமம் என்பதை ஒரு வரியில் கணக்கிட்டுக் காட்டுங்கள். கடைசி வரியை இவ்வாறு முடியுங்கள்: இச்செறிவில், இவ்வுயிரணு வரிசையில், இச்சாறு வளர்ச்சியைக் குறைத்தது, மனிதரிடம் இதன் பயன் சோதிக்கப்படவில்லை. வாய்மொழித் தேர்வில் இவ்வரிக்காக எவரும் பட்டத்தை மறுக்கப்போவதில்லை.