மார்கழியில் ஃபேஸ் லிஃப்ட், தையில் கல்யாணமா?

முகத்தைத் தூக்கி நிறுத்தும் ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். முகம் இயல்புக்குத் திரும்பத்தான் மாதங்கள் ஆகும்.

மாட்டுங்காவில் வசிக்கும் 58 வயதுப் பெண்மணி ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மூத்த மகளின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது தாடை ஓரத்தில் தொங்கும் சதை அவர் கண்ணில் படுகிறது. கழுத்தில் சங்கிலிக்கு மேலே இரண்டு மடிப்புகள். அடுத்த தையில் மகனுக்குக் கல்யாணம். சம்பந்தி வீடு செம்பூரில். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. மார்கழியில் ஃபேஸ் லிஃப்ட் செய்துகொண்டால் தையில் ரிசப்ஷன் மேடையில் நிற்க முடியுமா?

நிற்கலாம், வீங்கிய முகத்தோடு. கல்யாணம், பணி ஓய்வு விழா, வெளிநாட்டுப் பயணம் என்று ஒரு தேதியை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த ஆபரேஷனுக்கு வருபவர்கள் பலர். அந்தத் தேதிக்கும் ஆபரேஷனுக்கும் இடையே குறைந்தது மூன்று மாதமாவது வேண்டும். மும்பையில் மழை ஓய்ந்து, நவராத்திரி கொலு இறங்கிய கையோடு செய்துகொண்டால்தான் தைக் கல்யாணத்துக்குக் கணக்குச் சரியாக வரும்.

என்ன செய்கிறார்கள்?

காதுக்கு மேலே தலைமுடிக்குள் தொடங்கும் வெட்டு, காதின் முன்பக்கமாக இறங்கி, மடலைச் சுற்றி, காதின் பின்புறம் போய் மறுபடி முடிக்குள் மறைகிறது. அந்த வழியாகத் தோலைப் பிரித்துத் தூக்குகிறார்கள். ஆனால் முக்கியமான வேலை தோலில் இல்லை. தோலுக்கு அடியில் தசையும் நாருமாக ஒரு படலம் இருக்கிறது. வயதாக ஆகக் கன்னத்துச் சதையோடு சேர்ந்து இறங்குவது அதுதான். அதை மேலே இழுத்துத் தைத்துவிட்டு, மிஞ்சிய தோலை வெட்டி, இழுக்காமல் மேலே படிய வைக்கிறார்கள்.

இந்தப் பாடத்தைக் கற்க மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் பிடித்தது. 1901இல் பெர்லினில் ஹோலண்டர் என்ற சர்ஜன் செய்த முதல் முயற்சியில் காதோரம் தோலை மட்டும் வெட்டித் தைத்தார். தோல் ரப்பரைப் போன்றது. இழுத்தால் மறுபடி தளரும். அடிப்படலத்தின் அமைப்பை பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் இருவர் 1976இல் தெளிவாக விவரித்தபின் முறையே மாறியது. இன்றும் தோலை மட்டும் இழுத்துக் கட்டினால், எதிர்க்காற்றில் ஓடியவர் போன்ற முகம்தான் கிடைக்கும். எந்தப் படலத்தைத் தூக்கப்போகிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை.

எது போகும், எது போகாது?

தாடை ஓரத் தொங்கலும் கழுத்துச் சதையும் நன்றாகக் குறையும். மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பு ஓரளவு குறையும். கண் இமையின் பை, நெற்றிக் கோடு, உதட்டைச் சுற்றிய மெல்லிய சுருக்கம், வெயில் விட்ட கரும்புள்ளி ஆகியவை அப்படியே இருக்கும். அவற்றுக்குச் சிகிச்சைகள் வேறு. கடிகாரத்தைச் சில ஆண்டுகள் பின்னால் திருப்பி வைக்கலாம், நிறுத்த முடியாது. பலன் பொதுவாக ஏழு முதல் பத்து ஆண்டுகள் தெரியும்.

கத்தியில்லாத வழிகளும் உண்டு. போடாக்ஸ் ஊசி தசையைத் தற்காலிகமாக ஓயவைத்துக் கோடுகளைக் குறைக்கும். மூன்று, நான்கு மாதத்தில் மறுபடி போட வேண்டும். ஃபில்லர் ஊசி பள்ளத்தை நிரப்பும். ஆனால் நன்றாகத் தொங்கிவிட்ட தாடையை ஊசி தூக்காது.

முன்பே சொல்ல வேண்டியவை

டாக்டரிடம் எதையும் மறைக்கக்கூடாது. முதலாவது புகையிலை. நிக்கோட்டின் தோலுக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். பிரித்துத் தூக்கிய தோலுக்கு ரத்தம் போதாவிட்டால் காதின் பின்புறம் அது கருகிவிடும். சிகரெட் மட்டுமல்ல, ஜர்தா போட்ட பானும், பல் தேய்க்கும் மிஸ்ரியும் இந்தக் கணக்கில் அடங்கும். குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

இரண்டாவது ரத்த அழுத்தம். அது கட்டுக்குள் இல்லாவிட்டால் ஆபரேஷனுக்குப் பின் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டும் அபாயம் அதிகம். சர்க்கரை நோய் இருந்தால் புண் ஆறுவது தாமதமாகும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாகவே நிறுத்தக்கூடாது. இதய டாக்டரைக் கேட்ட பிறகே முடிவு.

மூன்றாவது, நம் தோலுக்கே உரிய ஒரு பிரச்சினை. மாநிறத்தவருக்கும் கறுப்பானவர்களுக்கும் மெல்லிய சுருக்கங்கள் தாமதமாக வரும், ஆனால் தழும்பு கறுத்தும் தடித்தும் போகும் வாய்ப்பு அதிகம். காது, மூக்கு குத்திய இடத்தில் எப்போதாவது கட்டிபோல் தழும்பு வளர்ந்ததா என்று நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும். வளர்ந்திருந்தால், வெட்டப்போகும் இடமும் அதே காதோரம்தான் என்பதை மறக்கக்கூடாது.

முதல் இரவு முதல் முதல் வருடம் வரை

முழு மயக்கத்திலோ, மரத்துப்போகும் ஊசியும் தூக்க மருந்தும் சேர்த்தோ ஆபரேஷன் நடக்கும். தலையைச் சுற்றிக் கட்டு. காதின் பின்னால் ரத்தம் வடிய மெல்லிய குழாய். ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். வலி பலர் பயப்படும் அளவுக்கு இருப்பதில்லை. இறுக்கமும் மரத்த உணர்வும்தான் அதிகம்.

முதல் 24 மணி நேரம்தான் கண்காணிப்பு தேவைப்படும் நேரம். ஒரு பக்கம் மட்டும் வீக்கமும் வலியும் கிடுகிடுவென்று கூடினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று பொருள். ஃபேஸ் லிஃப்டில் அதிகம் ஏற்படும் சிக்கல் இதுதான். ஆண்களுக்கு இன்னும் அதிகம். நள்ளிரவானாலும் உடனே தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து ரத்தத்தை அகற்ற வேண்டும். செம்பூர்க்காரர் தென் மும்பையில் ஆபரேஷன் செய்துகொண்டு அன்று மாலையே டாக்ஸியில் வீடு திரும்புவது புத்திசாலித்தனம் அல்ல. அதுவும் மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் என்ன செய்வது? முதல் இரவு ஆஸ்பத்திரியிலேயே தங்குவது நல்லது.

இரண்டாம், மூன்றாம் நாள் கண்ணாடி பார்க்காமலிருப்பது உத்தமம். வீக்கமும் கன்றிய நீலமும் உச்சத்தில் இருக்கும். ‘ஏன் செய்துகொண்டோம்’ என்று அழாதவர்கள் குறைவு. இந்தச் சோர்வு சில வாரங்களில் விலகும் என்பதை வீட்டில் உள்ளவர்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதல் வாரம் இரண்டு மூன்று தலையணை வைத்து நிமிர்ந்தே படுக்க வேண்டும். மெத்தென்ற இட்லி, ரசம் சாதம், தயிர் சாதம் போதும். முறுக்கு வேண்டாம், வாயை அகலத் திறந்து மெல்லக்கூடாது. ஊறுகாயும் அப்பளமும் உப்பால் வீக்கத்தைக் கூட்டும். தலை வழியாக மாட்டும் நைட்டி கூடாது. முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கை சௌகரியம். குனிந்தால் ரத்தம் முகத்துக்குப் பாயும். ஆகவே இரண்டு வாரத்துக்கு நமஸ்காரமும் இல்லை, வாசலில் கோலமும் இல்லை. மார்கழி ஏன் சரிப்படாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

காதின் முன்பக்கத் தையல் ஐந்து முதல் ஏழு நாளில் பிரிக்கப்படும். தலைமுடிக்குள் உள்ளவை இன்னும் சில நாள் கழித்து. இரண்டு வாரத்தில் கன்றல் மங்கி, வெளியே நடமாடலாம். ஆபீஸ் போகிறவர்கள் மூன்று வாரம் லீவு எடுப்பது நல்லது. மூச்சு விட இடமில்லாத ஹார்பர் லைன் ரயிலில் ஒரு முழங்கை கன்னத்தில் இடித்தால் போதும், அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். கடும் உடற்பயிற்சிக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். தலைக்குச் சாயம் போட நான்கு முதல் ஆறு வாரம்.

காதும் கன்னமும் பல மாதங்கள் மரத்திருக்கும். ஹேர் டிரையர் சுட்டாலும் தெரியாது. கனமான ஜிமிக்கி கொஞ்ச நாள் பெட்டியிலேயே இருக்கட்டும். தழும்பு முதலில் சிவந்து, பிறகு மங்க ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை வெயிலிலிருந்து அதைக் காப்பாற்ற வேண்டும்.

ஆபரேஷனில் எல்லோரும் பயப்படுவது முக நரம்புக்கு. காதின் கீழே வெளிவந்து ஐந்து கிளையாகப் பிரியும் இந்த நரம்புதான் சிரிப்பையும் புருவ நெரிப்பையும் நடத்துகிறது. அது அடிபட்டால் வாய் ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் சரியாகிவிடும். நிரந்தரமாகத் தங்குவது அபூர்வம், ஆனால் நடக்காதது அல்ல.

யாரிடம் போவது?

எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் பொது அறுவை மருத்துவத்துக்கும் பிறகு பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. முடித்தவரா என்பதே முதல் கேள்வி. தாராவியின் ஓரத்தில் நிற்கும் சயான் ஆஸ்பத்திரி போன்ற மாநகராட்சி மருத்துவமனைகள்தான் இந்தப் படிப்பின் பட்டறை. அடுப்புத் தீயில் வெந்த முகமும், நெஞ்சோடு ஒட்டிக்கொண்ட கழுத்தும் அங்கேதான் வருகின்றன. 2000இல் தோல் வங்கி தொடங்கிய ஆஸ்பத்திரி அது. வெந்த கழுத்தைப் பிரித்து நிமிர்த்தும் கையும், தளர்ந்த கழுத்தை இறுக்கும் கையும் கற்பது ஒரே உடற்கூற்றைத்தான். அந்தப் பயிற்சி இல்லாத பியூட்டி கிளினிக்கில் முகத்தை ஒப்படைப்பது சூதாட்டம்.

வரித்துறையும் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. விபத்தாலோ பிறவியிலோ கெட்ட உருவத்தைச் சீராக்கும் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அழகுக்காக என்றால் உண்டு. இன்ஷூரன்சும் பொதுவாகக் கை கொடுக்காது. மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், அறை, மறுபடி திறக்க நேர்ந்தால் ஆகும் செலவு என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் இன்னொன்றுக்குச் செல்லாது என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. ‘போகிறபோக்கில் இமையையும் சரி செய்துவிட்டேன்’ என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. பழைய நோயாளிகளின் படங்களைக் காட்டினால் ஒரு மாதத்துப் படம் வேண்டாம், ஒரு வருடம் கழித்து எடுத்ததைக் கேட்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் போன் செய்தால் யார் எடுப்பார்கள் என்பதையும் கேட்டு வைக்க வேண்டும்.

மாட்டுங்காப் பெண்மணிக்கு இரண்டே வழி. மாதக் கணக்கில் அவகாசம் இருந்தால், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்து, நல்ல சர்ஜனைத் தேடி, தனக்காகச் செய்துகொள்ளலாம். அவகாசம் இல்லையென்றால் கல்யாணம் முடியட்டும். தாடைச் சதை எங்கும் ஓடிப்போகாது. மாப்பிள்ளையின் அம்மா மேடையில் வாய்விட்டுச் சிரிப்பதைத்தான் ஆல்பத்தைப் பார்ப்பவர்கள் பார்ப்பார்கள். வீக்கம் வடியாத முகத்தில் அந்தச் சிரிப்பு வராது.