மழைக்கோட்டுக்கு 6,000 ரூபாயா? என் கணக்கு வேற!

ஐப்பசி, கார்த்திகைதான் நம்ம ஊருக்கு மழைக்காலம். ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு சைக்கிள்ல வேலைக்குப் போற எனக்கு, பத்து கிலோமீட்டருக்கு மேல நனையிற வேலை. அதனால 6,000 ரூபாய் 'பிரீத்தபிள்' கோட்டு மேல எனக்கும் ஒரு கண்ணு இருந்துச்சு. வாங்கல. ஏன்னு சொல்றேன்.

முதல்ல கணக்கு. வருஷத்துக்கு 25 நாள் மழையில ஓட்டுறோம்னு வச்சுக்குவோம். 600 ரூபாய் கோட்டு ரெண்டு வருஷம் வந்தா, ஒரு தடவைக்கு 12 ரூபாய். 6,000 ரூபாய் கோட்டு அஞ்சு வருஷம் வந்தாலும், ஒரு தடவைக்கு 48 ரூபாய். நாலு மடங்கு!

சரி, நாலு மடங்கு சுகமாவது கிடைக்குமா? அங்கதான் சிக்கல். உள்ள இருக்கிற வேர்வை ஆவி வெளிய போகணும்னா, வெளிக்காத்து உள்ளே இருக்கிறதை விட வறண்டு இருக்கணும். குளிர் நாட்டுல அது நடக்கும். நம்ம ஊர் மழையில காத்தே வெதுவெதுன்னு ஈரமா இருக்கு. பெடல் மிதிச்சா எந்தக் கோட்டுக்குள்ளயும் வேர்க்கத்தான் செய்யும். வேலை செய்யாத வசதிக்கு ஏன் காசு?

அதுக்காக 100 ரூபாய் பிளாஸ்டிக் கவரும் வேணாம். மடிப்புலயே கிழிஞ்சிடும். கடையில கோட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. தையல் மேல டேப் ஒட்டியிருக்கணும். இல்லைன்னா ஊசி ஓட்டை வழியாவே தண்ணி இறங்கும். தொளதொளன்னு தொங்குற பான்ச்சோ வேணாம், சக்கரத்துல சிக்கும். பேன்ட் கால்ல ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக்குங்க, செயின்ல மாட்டாது.

இப்ப முக்கியமான விஷயம். போன வருஷம் சாயங்கால மழையில, கருநீலக் கோட்டு போட்டுட்டு வந்துட்டிருந்தேன். பின்னாடி வந்த லாரி கடைசி நேரத்துல ஒடிச்சுத் திருப்பி, கையை உரசுற மாதிரி தாண்டிப் போச்சு. நம்ம ரோடு திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலை. கேரளா லாரிக்குக் குறைவே இல்ல. நான் நனையாமதான் இருந்தேன், ஆனா அவர் கண்ணுக்குத் தெரியல!

அன்னைக்கே முடிவு பண்ணேன். மழைச் செலவுல முதல் காசு கண்ணுக்குத் தெரியிறதுக்கு, அப்புறம்தான் நனையாம இருக்கிறதுக்கு. பளிச்சுனு மஞ்சள் கோட்டு, பின்னாடி ஒரு சிவப்பு லைட்டு, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர். போனுக்கும், மாத்து உடுப்புக்கும் ஒரு கெட்டியான கவர். எல்லாம் சேர்த்தாலும் அந்த 6,000 பக்கத்துலயே வராது. கொஞ்சம் நனைஞ்சா துடைச்சுட்டு உடுப்பு மாத்திக்கலாம். அடிபட்டு ஒரு மாசம் படுத்துட்டா? மில்லுல நாள் கூலிக்குப் போறவங்களுக்கு அது ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் இல்ல, ஒரு மாசச் சம்பளமும் போச்சு.

ஷிஃப்ட் முடிஞ்சு இருட்டுல திரும்புறவங்க உங்க வீட்டுல யாராவது இருந்தா, கோட்டு வாங்குற வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்னைக்கே அந்த லைட்டை மாட்டிவிடுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்!