கோப்பு எண் 291



கடவுச்சொல்லைப் போட்டதும் கணினி நீலத்திரை காட்டி அணைந்துவிடுகிறது, தானாக எழுந்து மறுபடியும் அணைகிறது, என்ன செய்வது என்று வாசகர்களாகிய உங்களில் பலர் எழுதிக் கேட்கிறீர்கள். கல்யாண ஆல்பம், பிள்ளையின் ப்ராஜெக்ட், பாதி எழுதிய நாவல் எல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட தவிப்பு அந்த வரிகளில் தெரிகிறது. பதில் சொல்லத்தான் இந்தப் பக்கம். அதற்கு முன், நம் பெங்களூரின் பல அலுவலகங்கள் இதே தவிப்பில் நின்ற ஒரு நாளைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கேள்விக்கான விடை அந்த நாளுக்குள்ளேயே இருக்கிறது.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு, கிரௌட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தன் ஃபால்கன் மென்பொருளுக்கு ஒரு சிறு புதுப்பிப்பை உலகம் முழுக்க அனுப்பியது. தவறு நடந்துவிட்டது தெரிந்து 10.57க்கு அதைத் திரும்பப் பெற்றது. இடையில் 78 நிமிடங்கள். நியூயார்க்கில் அப்போது நள்ளிரவு; அங்கே அணைத்து வைத்திருந்த கணினிகள் பல தப்பின. நமக்கோ எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் லாக்-இன் செய்து உட்காரும் நேரம்.

மொத்தம் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. உலகிலுள்ள விண்டோஸ் கணினிகளில் இது 1 சதவீதம்கூட இல்லை. ஆனால் விலை கொடுத்துப் பாதுகாப்பு வாங்குபவை பெரிய நிறுவனங்கள்தானே? அதனால் விமான நிலையம், மருத்துவமனை, வங்கி என்று ஊரே நம்பியிருக்கும் இடங்களில் அடி விழுந்தது. கெம்பேகவுடா விமான நிலையத்தில் பயணிகளைப் பதிவு செய்யும் நாவிட்டேர் அமைப்பு முடங்கி, முதல் முனையத்தில் இண்டிகோ, ஆகாசா, ஸ்பைஸ்ஜெட், இரண்டாம் முனையத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் எல்லாம் திணறின. அன்று விடியற்காலையிலேயே மைக்ரோசாஃப்டின் அஸூர் மேகக்கணினிச் சேவையில் வேறொரு கோளாறும் ஏற்பட்டிருந்ததால் எது எதனால் என்று பிரித்தறியவே நேரம் பிடித்தது. நாட்டின் பல விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நம் வங்கிகளுக்குப் பெரிய சேதமில்லை. பத்து வங்கி, நிதி நிறுவனங்களில் மட்டும் சிறு தடங்கல் என்று ரிசர்வ் வங்கி சொன்னது.

இத்தனைக்கும் காரணம் ஓர் எண்ணிக்கைப் பிழை. அந்தப் புதுப்பிப்பில் வந்த, 291 என்ற எண் கொண்ட கோப்பு 21 விவரங்களை வைத்து எழுதப்பட்டிருந்தது. அதை வாசிக்கும் நிரலுக்கு வந்து சேர்ந்தவை 20தான். முந்தைய புதுப்பிப்புகளில் 21ஆவது இடத்தில் எது இருந்தாலும் சரி என்று விட்டிருந்ததால் குறை வெளியே தெரியவில்லை. அன்றுதான் முதன்முறையாக அந்த இடத்தையும் பார் என்று கட்டளை போனது. நிரல் பார்க்கப் போயிற்று; அங்கே ஒன்றுமில்லை. தனக்கு உரிமையில்லாத நினைவகத்தில் அது கைவைத்ததும் விண்டோஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. சாதாரண செயலி ஒன்று இப்படித் தவறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். பாதுகாப்பு மென்பொருளோ இயங்குதளத்தின் கருவுக்குள், கெர்னலில், உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒன்று தவறினால் மொத்தக் கணினியும் விழும். எழுந்தவுடன் அதே கோப்பை வாசித்து மறுபடி விழும்.

தீர்வு கேட்டால் வியப்பாக இருக்கும். கணினியை சேஃப் மோடில் திறந்து, டிரைவர்ஸ் கோப்புறைக்குள் கிரௌட்ஸ்ட்ரைக் என்ற கோப்புறைக்குப் போய், அந்த 291 எண் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், பெரும்பாலும் இணையத்தோடு சேர்வதற்கு முன்பே விழுந்துவிடும் கணினிக்குத் தொலைவிலிருந்து எதுவும் செய்ய முடியாது. ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் ஆள் போய் நின்றாக வேண்டும்.

அந்த ஆட்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெஸ்க்டாப் சப்போர்ட், எல்-1 என்று அலுவலகங்களில் அழைக்கப்படும் பிள்ளைகள். ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் கோலாரிலிருந்தும் வந்து, பெரும்பாலும் ஒப்பந்தச் சம்பளத்தில் வேலை பார்ப்பவர்கள். சாதாரண நாளில் அவர்கள் பெயர்கூட யாருக்கும் தெரியாது. மற்ற ஊழியர்களுக்கோ தங்கள் லேப்டாப்பிலேயே அட்மின் உரிமை இருக்காது. கோப்பை அழிக்க சப்போர்ட் ஆள்தான் வர வேண்டும். வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களும் ஏராளம்; அவர்களுக்குத் தொலைபேசியில்தான் வழி சொல்ல வேண்டும். வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேறு. ஆறு ஆறாக எட்டுத் தொகுதி எண்களைத் தொலைபேசியில் சொல்லி, மறுமுனையில் பதற்றத்தோடு இருப்பவர் தவறாமல் அடிக்கும்வரை பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சில நிறுவனங்களில் அந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வரே விழுந்து கிடந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு நிறுவனத்தார் சாவிகளை பார்கோடுகளாக மாற்றி, கடையில் பயன்படுத்தும் ஸ்கேனரால் கணினிக்குள் செலுத்தினார்கள். அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

இன்னொரு வழியும் இருந்தது. திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்தால், விழுவதற்கு முந்தைய சில நொடிகளில் திருத்திய கோப்பு இறங்கிவிட வாய்ப்பு உண்டு. அதற்கு வைஃபையைவிடக் கேபிள் இணைப்பே நல்லது என்று கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனமே அறிவுறுத்தியது. அஸூரில் ஓடும் கணினிகள் சிலவற்றுக்குப் பதினைந்து முறைவரை தேவைப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. விமான நிறுவனமான டெல்டா அமெரிக்காவில் மீண்டு வர ஐந்து நாள் ஆனது. சுமார் 7,000 விமானங்கள் ரத்தாயின. பெரிய பொறியாளர்கள் பிழையைக் கண்டுபிடித்துவிட்டார்கள், சரி. அதைத் தரையில் தீர்த்தவர்கள் ஒவ்வொரு மேசையாக நடந்தவர்கள்.

இனி உங்கள் கணினி. முதலில், அது எப்போது விழுகிறது என்று பாருங்கள். கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே என்றால் டிரைவரோ வட்டோ ராமோ காரணமாக இருக்கலாம். கடவுச்சொல் போட்ட பிறகு என்றால் உங்கள் பயனர் கணக்கு, தொடக்கத்தில் தானாக ஓடும் செயலி, கிராபிக்ஸ் டிரைவர் இவற்றின் மேல் சந்தேகம் வைக்கலாம். திரையில் வரும் ஸ்டாப் கோடைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பவருக்கு அதுதான் முதல் தடயம். லாக்-இன் திரை வரை வந்தால், ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் மீட்புப் பகுதி திறக்கும். அங்கிருந்து டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வழியாகப் போனால் சேஃப் மோடு. அதில் கணினி விழாமல் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் வன்பொருள் நன்றாக இருக்கிறது. கடைசியாக நிறுவிய டிரைவரையோ மென்பொருளையோ நீக்கிப் பாருங்கள். அதற்கும் முன்னால், வேண்டிய கோப்புகளை வெளி வட்டுக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

பழுது பார்க்க எஸ்.பி. ரோட்டுக் கணினிக் கடைக்கோ பக்கத்துத் தெருக் கடைக்கோ எடுத்துப் போனால், "டேட்டா வேணும்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். "ஃபார்மட் போட்டுடலாம் சார்" என்ற பதிலுக்கு உடனே தலையாட்டிவிடாதீர்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் நீங்கள் கேட்காமலே வட்டு பூட்டப்பட்டிருக்கும். அதன் மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நல்லபடியாக ஓடும் இன்றைக்கே அந்த 48 இலக்கங்களைத் தாளில் எழுதி, பாஸ்புக்கோடு வையுங்கள். வீட்டில் அப்பா அம்மாவின் கணினிக்கும் நீங்களே இதைச் செய்து கொடுங்கள்.

2025இல் மைக்ரோசாஃப்ட் அந்த நீலத்திரையைக் கறுப்பாக மாற்றியது. எழ முடியாத கணினி தானே இணையத்தில் தீர்வு தேடிக்கொள்ளும் வசதியையும், பாதுகாப்பு மென்பொருள்களைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுவரும் வேலையையும் தொடங்கியிருக்கிறது. நல்ல காரியங்கள்தான், இன்னும் முன்பே வந்திருக்க வேண்டியவை.

அந்த ஜூலை வெள்ளியன்றும் அடுத்து வந்த சனி, ஞாயிறிலும் வீட்டுக்குப் போகாமல் கணினிகளை எழுப்பிக்கொண்டிருந்தவர் உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் இருக்கிறாரா? எங்களுக்கு எழுதச் சொல்லுங்கள். கொச்சைத் தமிழானாலும் கன்னடம் கலந்தாலும் பரவாயில்லை. பேச்சாகப் பதிவு செய்து அனுப்பினாலும் நாங்கள் எழுத்தில் கொண்டுவருகிறோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டாம் என்றால் போடமாட்டோம். அடுத்த இதழில் நான்கு பக்கங்கள் அவர்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்