ஏறாத பென்ஷன்

தாய்லாந்தின் ஹுவா ஹின் கடற்கரையில் குடியேறிய ஓர் ஆங்கிலேய முதியவருக்கும், ராஜபாளையம் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்று மம்சாபுரத்தில் இருக்கும் ஒருவருக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. அரசு வழியாக வரும் அவர்களது பென்ஷன், தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. ஆங்கிலேயருக்கு அந்த நிலை கடல் கடந்து போனதால் வந்தது. மில் தொழிலாளியோ ஊரைவிட்டு எங்கும் போகவில்லை.

ஓய்வுக்காலத்தைக் கடலோர ஊரில், அதுவும் செலவு குறைந்த நாட்டில் கழிப்பது மேற்கத்திய நாடுகளின் நடுத்தர மக்களுக்குப் பல ஆண்டுகளாகப் பழகிப்போன வழி. ஸ்பெயினின் பெனிடார்ம், போர்ச்சுகலின் அல்கார்வ், மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் பட்டாயா என்று பட்டியல் நீளும். சொந்த நாட்டில் வாடகைக்கும் வெப்பமூட்டும் செலவுக்குமே கரைந்துபோகும் பென்ஷன், அங்கே வீடு, சாப்பாடு, வேலைக்கு ஆள், வாரம் ஒரு முறை வெளியே சாப்பிடுவது எல்லாவற்றுக்கும் போதுமாக இருக்கிறது. அந்த நாடுகளும் அவர்களை வரவேற்கின்றன; சும்மா அல்ல. தாய்லாந்தில் ஓய்வுக்கால விசா வேண்டுமானால் வயது 50 ஆகியிருக்க வேண்டும். வங்கியில் 8 லட்சம் பாத் இருப்பு அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். இலங்கை 55 வயது கடந்த வெளிநாட்டவரிடம் 15,000 டாலர் வைப்பும், மாதம் 1,500 டாலர் வரவும் கேட்கிறது. மலேசியா 2002இல் தொடங்கிய திட்டத்தில், 2021இல் ஒரே அடியாக மாத வருமான வரம்பை 10,000 ரிங்கிட்டிலிருந்து 40,000 ஆக்கியது. அங்கேயே வேரூன்றிவிட்ட முதியவர்கள் தவித்துப்போனார்கள். 2024இல் விதிகளை மீண்டும் மாற்றினார்கள்.

கடற்கரை ஊர்களின் மலிவு இப்படி விசா விதியில் மட்டுமல்ல, நாணய மதிப்பிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. 2007 வாக்கில் ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்கு 65 பாத்துக்கு மேல் கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக பிரிட்டன் வாக்களித்த 2016இன் இறுதியில் அது 45 பாத்துக்கும் கீழே போயிருந்தது. அதே பென்ஷன், அதே வீடு, அதே சந்தை. கையில் வரும் காசில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

இதைவிடப் பெரிய அடி ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் அரசு பென்ஷன் ஆண்டுதோறும் விலைவாசி, சராசரி ஊதியம், இரண்டரை சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு உயரும். நாட்டுக்குள் இருப்பவர்களுக்கு இந்த உயர்வு உண்டு. வெளிநாட்டில் இருந்தால், எந்த நாடு என்பதைப் பொறுத்தது. பிலிப்பைன்ஸில் இருந்தால் உயரும்; தாய்லாந்தில் உயராது. அமெரிக்காவில் உயரும், எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போனால் உயராது. இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா எல்லாமே உயராத பட்டியலில்தான். மகன், மகளோடு இருக்கலாம் என்று ஊர் திரும்பிய பிரிட்டன் வாழ் இந்தியர்களும் இதில் சிக்கியவர்கள். பாதிக்கப்பட்டோர் நான்கு லட்சத்துக்கும் மேல். தென்னாப்பிரிக்காவில் வசித்த ஆனெட் கார்சன் இதை எதிர்த்து வழக்குப் போட்டு, பிரிட்டனில் தோற்று, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2010இல் அங்கும் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வரவில்லை. தொண்ணூறு வயதில், முப்பது வருடத்துக்கு முந்தைய தொகையில் மாதத்தை ஓட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது மம்சாபுரம் பேரூராட்சி. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஊர். சுற்று வட்டாரத்துக்கே சம்பளம் கொடுத்தது ராஜபாளையம் பஞ்சாலைகள். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதில் இருந்து, மூன்று ஷிப்டுக்கும் சங்கு ஊதும் நகரமாக ராஜபாளையம் வளர்ந்தது. பக்கத்துச் சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணிக்குப் பேர் பெற்றது. அந்த ஆலைகளில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தபடி கார்டிங்கிலும் ஸ்பின்னிங்கிலும் நின்றவர்கள்தான் இன்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சென்னை, திருப்பூர், மும்பை என்று பிழைக்கப்போய், வேலை முடிந்ததும் ஊரிலேயே இருந்துவிடலாம் என்று திரும்பி வந்தவர்களும் அவர்களோடு இருக்கிறார்கள்.

ஓய்வுக்காலத்துக்கு இப்படிப்பட்ட ஊர் நல்ல ஊர்தான். அதில் சந்தேகம் வேண்டாம். சொந்த வீடு இருந்தால் வாடகை இல்லை. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரத்துக்குக் காசு இல்லை. பெண்களுக்கு 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறது. இரண்டு நாள் வெளியே தலை காட்டாவிட்டால் வந்து கதவைத் தட்டக் கூடியவர்கள் இருக்கிறார்கள். மொழி தெரியாத ஊரில் தனியாகக் கிடக்கும் வெளிநாட்டு முதியவர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாத வசதி இது.

ஆனால் சின்ன ஊரில் எல்லாம் மலிவு என்பது உண்மை அல்ல. காய்கறி மலிவாக இருக்கலாம். ஆள் கூலி குறைவாக இருக்கலாம். சர்க்கரை நோய் மாத்திரை அட்டையில் அச்சிட்ட விலை சென்னை அண்ணா நகரிலும் மம்சாபுரத்திலும் ஒன்றுதான். கேஸ் சிலிண்டர், செல்போன் ரீசார்ஜ், இன்சுலின், கண்ணாடி எதற்கும் கிராமத்து விலை என்று தனியாகக் கிடையாது. பெரிய வைத்தியம் என்றால் மதுரைக்குப் போக வேண்டும். போக, வர, கூட ஒரு ஆள், சாப்பாடு, ஆட்டோ என்று அந்த ஒரு நாள் பட்டணத்துக்காரருக்கு இல்லாத தண்டச் செலவு. ரயிலில் 60 வயது ஆணுக்கு 40 சதவீதமும் 58 வயதுப் பெண்ணுக்கு 50 சதவீதமும் இருந்த சலுகை, 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டதோடு போய்விட்டது. பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னையில் இருக்கும் பேரனைப் பார்க்கப் போகிறவர்கள் இப்போது முழு டிக்கெட் எடுக்கிறார்கள். வயது ஏற ஏற, காய்கறிச் செலவு குறைந்து மருந்துச் செலவு கூடுகிறது. அதாவது, சின்ன ஊர் மலிவாகத் தரும் பொருள்களை விட்டு, எங்கும் ஒரே விலையில் விற்கும் பொருள்களை நோக்கி முதியவரின் காசு நகர்கிறது.

இந்தச் செலவுக்கு எதிரே வரவு என்ன? தனியார் ஆலைத் தொழிலாளிக்கு இருப்பது, 1995 நவம்பர் 16 முதல் நடப்பில் உள்ள தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். இ.பி.எஸ்.-95 என்றால் எல்லோருக்கும் தெரியும். கணக்கு எளிமையானது: பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். சம்பள உச்சவரம்பு 2001 முதல் 6,500 ரூபாய். 2014 செப்டம்பரிலிருந்து 15,000. உச்சவரம்பு அளவுக்குச் சம்பளம் வாங்கி, 2013 இறுதியில் ஓய்வுபெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1995க்குப் பிந்தைய 18 ஆண்டுக்கு அவருக்குக் கிடைப்பது 1,671 ரூபாய். அதற்கு முந்தைய காலத்துக்கு ஒரு சிறு தொகை சேரும். சம்பளம் அதைவிடக் குறைவாக இருந்திருந்தால் பென்ஷனும் குறையும். இன்றைய 15,000 உச்சவரம்பில் 35 ஆண்டு முழுமையாக உழைத்து முடிப்பவருக்கே 7,500 ரூபாய்தான் வரும்.

தொகை குறைவு என்பதைவிட, அது அசையாமல் நிற்பதுதான் கொடுமை. குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். அன்று சென்னையில் மானியம் போக ஒரு சமையல் சிலிண்டர் ஏறத்தாழ 400 ரூபாய். ஒரு மாத பென்ஷனில் இரண்டரை சிலிண்டர் வாங்கலாம். 2025 ஏப்ரலில் அதே சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு. ஒன்று வாங்கினால் கையில் 131 ரூபாய் 50 காசு நிற்கும். கடல் கடந்து போன ஆங்கிலேயரை நாணய மதிப்பு அடித்தது. நம்மவரின் ரூபாயை உள்ளூர் மளிகைக் கடையிலேயே விலைவாசி அரித்துவிட்டது.

அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் இருக்கிறார். பழைய பென்ஷன் திட்டத்தில் வந்தவர். ஊதியக்குழு அடிப்படைத் தொகையை மாற்றியமைத்த 2016க்குப் பிறகு, ஆண்டுக்கு இரண்டு முறை என்ற கணக்கில் அகவிலைப்படி சேர்ந்து, 2025 ஜூலைக் கணக்குப்படி 58 சதவீதத்தை எட்டியிருக்கிறது. அது அவருடைய உரிமை. அதில் ஒரு பைசாகூடக் குறையக் கூடாது. விலைவாசி ஏறினால் பென்ஷனும் ஏற வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அவர்தான் சாட்சி. இருவரும் ஒரே கடையில், ஒரே விலைக்குத்தான் துவரம் பருப்பு வாங்குகிறார்கள். ஒருவருக்கு மட்டும் விலை ஏறுகிறது என்று அரசு நினைப்பதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

பெண்களின் நிலை இன்னும் மோசம். பஞ்சாலைகளில் வைண்டிங்கிலும் ஸ்பின்னிங்கிலும் வேலை பார்த்த பெண்களில் பலர், கல்யாணத்துக்கு முன் சில ஆண்டு வேலை செய்துவிட்டு நின்றவர்கள். பத்தாண்டு சேவை இல்லையென்றால் இ.பி.எஸ். பென்ஷன் கிடையாது; கட்டிய பணத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். ஆதரவற்றவர் என்ற தகுதிக்குள் வந்தால் முதியோர் உதவித்தொகை கிடைக்கும். தமிழ்நாட்டில் அது 2011இல் 1,000 ரூபாய் ஆனது. 1,200 ஆக உயர 2023 ஆகஸ்ட் வரை, பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. அதில் 80 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்.

தொழிலாளர் பென்ஷனை ஏற்ற முடியாததற்கு அரசு நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணம், நிதியில் பற்றாக்குறை என்பது. 2019 மார்ச் நிலவரப்படி செய்த மதிப்பீட்டில், எதிர்காலக் கடப்பாட்டுக்குப் போதிய பணம் இல்லை என்று தெரிந்ததாம். இதை ஒதுக்கிவிட முடியாது. 78 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டிய பணம் இது. முதலாளி 8.33 சதவீதம், மத்திய அரசு 1.16 சதவீதம் என்று வரவு வரம்புக்குட்பட்டது. இன்று வேலை பார்க்கும் இளைஞர்களின் பணமும் அதில்தான் இருக்கிறது. ஆனால் குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாயைக் கொடுக்க ஏற்கெனவே மத்திய பட்ஜெட்டிலிருந்துதான் உதவுகிறார்கள். வழி திறந்தே இருக்கிறது. பகத் சிங் கோஷ்யாரி தலைமையிலான நாடாளுமன்றக் குழு குறைந்தபட்சத்தை 3,000 ரூபாய் ஆக்கச் சொன்னது 2013இல். பென்ஷனர் சங்கங்கள் 7,500 ரூபாயும் அகவிலைப்படியும் கேட்கின்றன. எந்தத் தொகையில் தொடங்கினாலும், நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணோடு அதை இணைக்காவிட்டால் பத்தாண்டு கழித்து இதே கட்டுரையை வேறு எண்களோடு எழுத வேண்டிவரும். இருக்கிற பணம் குறைவு என்றால், குறைந்த பென்ஷன்காரர்களிடமிருந்து தொடங்கட்டும். 3,000 ரூபாய்க்குக் கீழ் வாங்குவோருக்கு மட்டும் முதலில் அகவிலைப்படி கொடுப்பது பெரிய பொருளாதார நாடு என்று சொல்லிக்கொள்ளும் அரசுக்குத் தாங்க முடியாத பாரம் அல்ல.

அதுவரை கையில் இருப்பதையாவது விடாமல் வாங்க வேண்டும். பல தொழிலாளர்களுக்குத் தெரியாத ஒன்று: இ.எஸ்.ஐ.யில் ஐந்தாண்டுக்குக் குறையாமல் இருந்து ஓய்வுபெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவரும் தொடர்ந்து வைத்தியம் பார்க்கலாம். 70 வயது ஆனவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு 2024 அக்டோபரில் வந்திருக்கிறது. ஆதாரோடு போய்ப் பதிய வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். ரேஷன் பொருள்கள் 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களின் வாசலுக்கு வருகின்றன. வாழ்நாள் சான்றிதழுக்கு விரல் ரேகை விழவில்லை என்று அலைய வேண்டாம். முகத்தைக் காட்டிச் செல்போனிலேயே பதியலாம், அல்லது கேட்டால் தபால்காரர் வீட்டுக்கு வந்து பதிந்து கொடுப்பார். இ.பி.எஸ். பென்ஷனர்கள் நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை; கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும்.

ஆனால் இவை எதுவும் பென்ஷனை ஏற்றாது. பென்ஷன் சட்டம் டெல்லியில் இருக்கிறது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசி மக்களவைத் தொகுதியில் வருகின்றன. சாலை, பாலம், ரயில் நிறுத்தம் என்று மனு கொடுக்கப் போகும்போது, பஞ்சாலைப் பென்ஷனர்கள் தங்கள் பென்ஷன் ஆணையின் நகலையும் கொண்டுபோக வேண்டும். ஓய்வுபெற்ற ஆண்டு, அன்றைய தொகை, இன்றைய தொகை மூன்றையும் எழுதிக் கொடுத்து, குறைந்த பென்ஷனை விலைக் குறியீட்டோடு இணைக்கக் கோரி மக்களவையில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று உறுப்பினரிடம் தேதியோடு கேட்க வேண்டும்.